பியோம்கேஷ் பக்ஷி நாரணாபுரம் வந்தால்...

துப்பறியும் சீரியல் என்றாலே நம்ம அப்பா, சித்தப்பா ஜெனரேஷன் தூர்தர்ஷன் காலத்துக்குப் போயிடுவாங்க. 1985-ல் கேரட்டைக் கடிச்சுக்கிட்டே கேஸை முடித்த பங்கஜ் கபூரின் 'கரம்சந்த்'. அசட்டு அதிர்ஷ்டத்திலேயே ஜெயிக்கும் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வாக வந்த காத்தாடி ராமமூர்த்தி. 1993-ல் வேட்டி கட்டி வந்த ரஜித் கபூரின் 'பியோம்கேஷ் பக்ஷி'.

என் ஓட்டு பியோம்கேஷுக்குத்தான். 'டிடெக்டிவ்' என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. 'நான் உண்மையைத் தேடுகிறவன்' என்பார். அவரைப் படைத்த வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாயின் 'அக்னிபாண்' கதையில் கொலைக் கருவியே ஒரு தீக்குச்சி! உரசினால் விஷப்புகை, ஆள் காலி.

தீக்குச்சி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது எந்த ஊர்? அதேதான். பியோம்கேஷ் சிவகாசிப் பக்கம் வந்தால் அவருக்குத் தண்ணி காட்டும் கேஸ்கள் எவை? இந்தக் கேள்வியோடுதான் சிவகாசியை ஒட்டியிருக்கும் நாரணாபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

வறண்ட பூமி, சீமைக்கருவேலம், சுட்டெரிக்கிற வெயில். மழை குறைவு என்பது விவசாயத்துக்குச் சாபம், பட்டாசு காயப்போட வரம். நீளமான காம்பவுண்டுகளுக்குள்ளே சின்னச் சின்ன ரூம்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு. ஒன்று வெடித்தால் அடுத்ததுக்குத் தாவக் கூடாது என்பதுதான் கணக்கு.

"உள்ள விட மாட்டாங்க தம்பி. செல்போன், தீப்பெட்டி எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது" என்றார் டீக்கடை அண்ணாச்சி. சிகரெட்டும் கையுமாக இருக்கும் பியோம்கேஷ் முதல் ரவுண்டிலேயே அவுட்!

கேஸ் 1: தடயமே இல்லை

டி.வி.யில் கைரேகை இருக்கும், உடைந்த கண்ணாடி டம்ளர் இருக்கும். இங்கே வெடித்த ரூமில் சுவரே மிஞ்சாது. உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் அந்த ரூமில் இருந்தவர்கள்தான். அவர்களில் பலர் சாட்சி சொல்ல இருப்பதில்லை. 2012 செப்டம்பர் 5, இதே மாவட்டத்தில் முதலிப்பட்டி. முதலில் பிடித்த தீயைப் பார்த்து உதவிக்கு ஓடி வந்த ஊர்க்காரர்கள் பலரும் அடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள். 35 பேருக்கு மேல் பலி.

கேஸ் 2: கண்ணுக்குத் தெரியாத குற்றவாளி

அடுத்த நாள் பேப்பரைப் பாருங்க, அநேகமாக ஒரே வரிதான். 'மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு...' ஆக, அக்யூஸ்ட் நம்பர் ஒன், மிஸ்டர் உராய்வு! ஆனால் இவருக்குக் கூட்டாளிகள் உண்டு. நைலான் துணியில் சேரும் நிலைமின்சாரம் ஒன்று. அதனால்தான் காட்டன் டிரெஸ், தரையில் ரப்பர் விரிப்பு, வாசலில் தொட்டுவிட்டுப் போக ஒரு செம்புத் தகடு. இன்னொரு கூட்டாளி ஈரம். அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே வினை நடந்து சூடு ஏறும், அம்மோனியா வாடை வரும். இதைத் தடுக்கத்தான் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். நேற்று சாயங்காலம் மிச்சம் வைத்த மருந்து இன்று காலையில் வெடித்தால், குற்றவாளி அதைக் கையில் எடுத்தவரா, மிச்சம் வைத்தவரா? கெமிஸ்ட்ரி லேபில் தூங்கிய பாவத்துக்கு இதை உட்கார்ந்து படித்தேன் பாஸ்!

கேஸ் 3: கொலைகாரனே இல்லாத கதை

இதுதான் ரொம்பக் கஷ்டமான கேஸ். முதலிப்பட்டி ஆலை, விதிமீறலுக்காக லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஆலை. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலியானபோது, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஒரு முன்னாள் நீதிபதி தலைமையில் குழு போட்டது. அப்போது பெரிதாகப் பேசப்பட்டது உள்குத்தகை. ஒருவர் பெயரில் லைசென்ஸ், ரூம் ரூமாகப் பல பேருக்கு வாடகை. குத்தகைக்காரருக்குப் போட்ட பணத்தை எடுக்கணும். தொழிலாளிக்குப் பீஸ் ரேட், எண்ணிக்கை கூடினால்தான் கூலி. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் கழுத்தைப் பிடிக்கும். நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் ஐந்தாவது ஆள், ஆறாவது ஆள். யாருக்கும் யாரையும் கொல்லும் எண்ணமில்லை. ஆனால் உயிர் போகுது. கைது நடக்கிறது, நிவாரணம் அறிவிக்கிறார்கள். சில மாதத்தில் இன்னொரு ஊர்ப் பெயர் பேப்பரில் வருகிறது. பியோம்கேஷ் யாரைப் பார்த்து விரலை நீட்டுவார்?

பஸ் ஸ்டாப்பில் ஒரு அக்காவைப் பார்த்தேன். கையெல்லாம் அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி மின்னியது. பயமா இருக்காதாக்கா என்றேன்.

"வேலைக்குள்ள போயிட்டா பயமெல்லாம் ஞாபகம் வராது தம்பி. சத்தம் கேட்டாத்தான்... மொதல்ல எந்தத் திசைன்னு பாப்போம். நம்ம வீட்டாளு போன திசையா, இல்லையான்னு."

அதற்கு மேல் கேட்க எனக்கு வார்த்தை இல்லை.

ஒன்று மட்டும் புரிந்தது ஃப்ரெண்ட்ஸ். சீரியலில் பிணம் விழுந்த பிறகுதான் ஹீரோ வருவார், தடயம் தேடுவார். பட்டாசுத் தொழிலில் தடயம் விபத்துக்கு முன்னாடியே கிடைக்கும். ரூமுக்குள் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதற்கெல்லாம் விதியிலேயே கணக்கு இருக்கு. உள்ளே போய்த் தலையை எண்ணினால் போதும். சாயங்காலம் மிச்ச மருந்து இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இதைத் தினமும் செய்கிற போர்மேனும், சொல்லாமல் கொள்ளாமல் வந்து எண்ணுகிற இன்ஸ்பெக்டரும்தான் இந்த ஊருக்குத் தேவையான பியோம்கேஷ். அவர்கள் ஜெயித்த கேஸ் எதுவும் நியூஸில் வராது. ஏன்னா, அன்றைக்கு ஒன்றுமே நடந்திருக்காது. அந்த அக்கா வழக்கம்போல ஆறு மணி பஸ்ஸைப் பிடித்திருப்பார், அவ்வளவுதான்!