நேரத்தின் கூலியும் வேலையின் கூலியும்

இஷாத் தொழுகை முடிந்ததும் விளக்கணைத்து உறங்கும் வழக்கம் நம் வீட்டை விட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்நேரத்தில் மாடியறையில் நம் மகள் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பாள். பர்மிங்காம் நகரில் அப்போது பிற்பகல். அங்கே வீடுகளை வாடகைக்கு விடும் ஒருவருக்கு வருகின்ற கடிதங்களைப் பிரித்து அடுக்குவதும், குடியிருப்போருக்குப் பதில் எழுதுவதும், குழாய் செப்பனிடுபவர் வரும் நாளைக் குறிப்பதும், வரவு செலவைப் பதிவதும் அவளுடைய அலுவல். இத்தொழிலை ‘விர்ச்சுவல் அசிஸ்டெண்ட்’ என்கின்றனர். நமக்கோ பழைய சொல் ஒன்றே போதுமெனத் தோன்றுகிறது. நம் பாட்டனார் பினாங்கில் ஒரு துணிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். முதலாளியின் கடிதமும் கணக்கும் இரகசியமும் அவர் கையில் இருந்தன. அவர் கப்பலேறிச் சென்று செய்த வேலையை அவருடைய பேரனின் மகள் வீட்டுப் படியிறங்காமல் செய்கிறாள்.

அவள் இத்தொழிலுக்கு விரும்பி வந்தவள் அல்லள். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனா இரண்டாம் அலையில், மருமகன் இறையடி சேர்ந்தார். மூன்று வயதுப் பேரனோடு மகள் நம் வீட்டிற்கு வந்தாள். இத்தா முடியும் வரை வெளியே செல்வதற்கில்லை. கல்லூரித் தோழி ஒருத்தி தொலைபேசியில் இவ்வேலையைப் பற்றிச் சொன்னாள். பி.காம். படித்தவளாதலால் கணக்கு அவளுக்குப் புதிதன்று. இரண்டு வளையல்களை விற்றுக் கணிப்பொறி வாங்கினோம். வேலை தேடித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்ட இருவரை அவள் நம்பவில்லை. வேலை தருபவர் பணம் கேட்பாரா என்று அவள் கேட்டது சரியான கேள்வி. பிறகு இணையத்தில் வேலை செய்வோரையும் கொடுப்போரையும் சேர்த்து வைக்கும் தளம் ஒன்றில் பதிந்துகொண்டாள்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஓர் இரவு, “அத்தா, எனக்கு ஒரு கணக்குப் பிடிபடவில்லை. வந்து பாருங்கள்” என்று அழைத்தாள். ஒரு மாதம் முழுவதும் தான் செலவிட்ட ஒவ்வொரு கால்மணி நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள். மணிக்கு 5 டாலர் கூலி. மூன்று பேருக்கு மாதம் 100 மணி நேரம் உழைக்கிறாள். 500 டாலர் வருகிறது. தளத்தார் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள, எஞ்சுவது 400. ஆனால் இடைநேரங்களில் வரும் செய்திகளுக்குப் பதில் சொல்வது, விலைச்சீட்டு அனுப்புவது, கேட்டதையே மீண்டும் விளக்குவது ஆகிய கூலியற்ற வேலைகளுக்கு இன்னும் 32 மணி நேரம் போயிருந்தது. 132 மணி நேரத்திற்கு 400 டாலர் என்றால், கைக்கு வருவது மணிக்கு மூன்று டாலரே. மின்தடைக்கு வைத்த பேட்டரியின் செலவும், பணம் மாற்றுகையில் வங்கி எடுப்பதும் இதில் சேரவில்லை.

அவளுக்குப் பிடிபடாதது வேறொன்று. கனடாவில் தையற்பொருள்கள் விற்கும் பெண்மணி ஒருவரின் மாதக் கணக்கை முடிக்க முதலாண்டில் பத்து மணி நேரம் ஆனது. 50 டாலர் கிடைத்தது. பிறகு அவளாகவே சில படிவங்களை அமைத்து, பிழையும் குறைந்து, அதே வேலையை நான்கு மணி நேரத்தில் முடிக்கிறாள். இப்போது 20 டாலர் கிடைக்கிறது. “நன்றாகச் செய்யக் கற்றதற்கு அபராதம் கட்டுகிறேனா, அத்தா?” என்றாள்.

கூலியை உயர்த்தக் கேட்டு மூவருக்கும் கடிதம் எழுதி வைத்திருந்தாள், அனுப்பவில்லை. நம் யோசனையைக் கேட்டாள். நாம் உடனே, “வேண்டாம் மகளே! கேட்டால் போய்விடுவார்கள். கிடைப்பதில் பரக்கத் இருக்கிறது” என்றோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்ல, “நீங்கள் முப்பது வருடமாகக் கேட்கவில்லையே, அத்தா. யாராவது தாமாக உயர்த்திக் கொடுத்தார்களா?” என்றாள்.

அச்சொல் நம்மை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. ஓதிக் கொடுப்பவன் கூலி பேசலாகாது என்று எண்ணி, கொடுத்ததை வாங்கி வந்திருக்கிறோம். அதனைப் பணிவு என்று நாம் கருதினோம். அதன் விலையை நம் வீட்டுப் பெண்கள் கட்டினார்கள்.

விடியற்காலையில் ‘ஹிதாயா’வின் இஜாரா பாடத்தை எடுத்துப் பார்த்தோம். ஹிஜ்ரி 593இல், அதாவது கி.பி. 1197இல் மறைந்த புர்ஹானுத்தீன் மர்கீனானி இயற்றிய ஹனஃபி சட்ட நூல் அது. எத்தனையோ மாணவர்களுக்கு அதனை நடத்தியிருக்கிறோம். கூலியாள் இருவகையினர் என்கிறது அந்நூல். ஒருவர் ‘அஜீர் முஷ்தரக்’: சாயமிடுபவரையும் துணி வெளுப்பவரையும் போலப் பலருக்கும் வேலை செய்பவர், வேலை முடிந்தால்தான் கூலி. மற்றவர் ‘அஜீர் காஸ்’: ஒரு மாதத்திற்கு ஆடு மேய்க்க அமர்த்தப்பட்டவரைப் போலத் தம் நேரத்தை ஒருவரிடம் ஒப்படைத்தவர், அந்நேரத்தில் வேலை வராவிட்டாலும் அவருக்குக் கூலி உண்டு.

பாடம் நடத்துகையில் புலப்படாதது அன்று புலப்பட்டது. நம் மகள் இருவரின் சுமையையும் சுமந்தாள். இருவரின் உரிமையும் அவளுக்கு இல்லை. அழைத்த நேரமெல்லாம் காத்திருப்பதில் அவள் ஆடு மேய்ப்பவர். வேலையில்லாத நாளில் கூலியில்லை என்பதில் சாயமிடுபவர். விரைந்து முடித்தாலோ கூலி குறைகிறது. எந்தச் சாயக்காரரும் அதற்கு ஒப்பார். கீழே வந்தவளிடம், “மகளே, நேற்று நாம் சொன்னது தவறு. ஒவ்வொருவரிடமும் நீ விற்பது நேரமா, முடிந்த வேலையா என்று முதலில் தீர்மானி. பிறகு கடிதத்தை அனுப்பு” என்றோம்.

கடிதங்கள் திருத்தப்பட்டன. பர்மிங்காம்காரருக்கு மாதம் 30 மணி நேரம் ஒதுக்கி வைக்கப்படும். அதற்கு 300 டாலர். பயன்படுத்தாத நேரம் அடுத்த மாதத்தில் சேராது. கனடாப் பெண்மணிக்கு ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் கணக்கு முடித்துத் தரப்படும்; எத்தனை மணி நேரம் ஆயினும் 120 டாலர். மூன்றாமவருக்கும் அவ்வாறே ஒரு மாதத் தொகை. முப்பது நாள் முன்னறிவிப்பு, பணிவான நடை, எங்கும் மன்னிப்புக் கேட்கவில்லை.

முதல் இருவரும் ஒப்புக்கொண்டனர். மூன்றாமவர் குறைந்த கூலிக்கு வேறு ஆள் கிடைத்ததாக ஒரு வரி எழுதி விலகினார். அவர் மாதம் 150 டாலர் தந்துகொண்டிருந்தவர். அடுத்த இரண்டு மாதங்கள் கையைக் கடித்தன. மூன்று மாதச் செலவுக்கான தொகையை மகள் முன்னரே ஒதுக்கி வைத்திராவிடில், அவள் திரும்பிப் போய்ப் பழைய கூலிக்கே கெஞ்சியிருப்பாள். விலையை உயர்த்த விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது அந்தச் சேமிப்பே.

பிறகு பர்மிங்காம்காரரின் நண்பர் ஒருவர் அவர் சொல்லக் கேட்டு நேரே வந்தார். அவரிடம் 150 டாலர். தளத்தின் பங்கு போக இப்போது 486 டாலர் கைக்கு வருகிறது. கூலியற்ற நேரத்தையும் சேர்த்து உழைப்பு 65 மணி நேரம். வருமானம் சிறிதே கூடியது, உழைப்போ பாதியாயிற்று. பழைய இருவரையும் தளத்திற்கு வெளியே அழைத்துக்கொண்டால் அந்த ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சும் என்று ஒருவர் யோசனை சொன்னார். தளத்தின் நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு வந்தோம், அதை முறிப்பதற்கில்லை என்று மகள் மறுத்துவிட்டாள்.

மிச்சப்பட்ட நேரத்தில் அவள் பிரிட்டன் வரிக்கணக்கு மென்பொருள் பயில்கிறாள். அதற்குக் காரணம் உண்டு. வாடகை, தனித்தொழில் ஆகியவற்றால் ஆண்டுக்கு 50,000 பவுனுக்கு மேல் வரவுள்ளோர், 2026 ஏப்ரல் 6 முதல் கணக்கை மின்முறையில் வைத்து மூன்று மாதத்திற்கு ஒருமுறை அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 2027 ஏப்ரலில் அவ்வரம்பு 30,000 ஆகிறது. வீடு வாடகைக்கு விடுவோர் பலருக்கு இனி ஒரு கணக்கப்பிள்ளை தேவைப்படுவார். எல்லா வேலையும் செய்வேன் என்பவரைவிட, ஒரு வேலையை நன்கறிந்தவருக்கே விலை பேசும் வலிமை உண்டு.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு கடிதம் எழுதும் கருவிகள் பெருகிவிட்டன. இத்தொழில் நிலைக்குமா என்று கேட்போர் உண்டு. வெறும் தட்டச்சை மணிக்கணக்கில் விற்போருக்கு அது கவலை தரத்தக்கதே. ஆயினும் ஒருவர் தம் கடவுச்சொல்லையும் வங்கிக் கணக்கையும் இன்னொருவரிடம் ஒப்படைப்பது நம்பிக்கையால்தான். வாடிக்கையாளரின் கடிதங்களை அவர் அனுமதியின்றி எந்தக் கருவியிலும் இடுவதில்லை என்பதை மகள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறாள். பாட்டனார் காத்த அமானத் அது.

இப்போது மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே கணிப்பொறி மூடியிருக்கிறது. பேரன் தாயின் அருகில் அமர்ந்து பாடம் படிக்கிறான்.

நாமும் ஒரு கடிதம் எழுதினோம். நாம் எத்தனை பாடங்கள் நடத்துகிறோம், கடைசியாக ஊதியம் உயர்ந்தது எந்த ஆண்டில், இப்போது வேண்டுவது எவ்வளவு என்று மூன்றே பத்திகள். மகள் படித்துப் பார்த்து, முதல் பத்தியில் நாம் எழுதியிருந்த மன்னிப்பை அடித்துவிட்டாள். சென்ற வாரம் நிர்வாகக் குழுவின் தலைவரிடம் அதனைக் கொடுத்தோம். “பார்ப்போம், ஹஜ்ரத்” என்றார். இன்னும் பதில் வரவில்லை. கேட்டுவிட்டோம் என்ற வெட்கமும் நமக்கு வரவில்லை.