கம்பி கட்டும் முன்

பேரப்பிள்ளைகளே, ஜவ்வாது மலையை விட்டு இறங்கி ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், பெங்களூர் என்று வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர், கையில் நாலு காசு சேர்ந்ததும் பல்லுக்குக் கம்பி போட வேண்டும் என்கிறீர்கள். நல்ல ஆசைதான். எத்துப்பல் தெரியக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பிள்ளைகளை வகுப்பறையில் நிறையப் பார்த்தவன் நான். அந்தக் கை வாயிலிருந்து இறங்க வேண்டும் என்று உங்களைவிட அதிகமாக ஆசைப்படுகிறேன். அதனால்தான் இதைச் சொல்கிறேன். வாயைத் திறந்து பார்த்த கையோடு, "இன்றைக்கே கட்டிவிடலாம்" என்று சொல்லும் இடத்தில் கட்டிக்கொள்ளாதீர்கள். முழுதாகச் சோதித்து, தான் கண்டதை உங்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் டாக்டரைத் தேடிப் போங்கள்.

என் தங்கை பேரனுக்கு மேல்வரிசையில் ஒரு பக்கம் சிங்கப்பல் முளைக்கவே இல்லை. விழ வேண்டிய பால்பல் அங்கேயே நின்றது. பக்கத்தில் கொஞ்சம் சந்தும் இருந்தது. வேலை பார்த்த ஊரில் எக்ஸ்ரே எடுக்காமலே கம்பி கட்டி, சந்தை மூடத் தொடங்கினார்கள். சில மாதம் கழித்து முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. வேறொரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தபோதுதான் தெரிந்தது: வராத சிங்கப்பல் மேல் அண்ணத்துக்குள் படுத்துக் கிடந்தது. பக்கத்துப் பல்லின் வேரில் முட்டி அதைப் பாதிக்குமேல் கரைத்தும் விட்டிருந்தது. பிறகு ஈறைத் திறந்து அந்தச் சிங்கப்பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார்கள். கரைந்த வேர் மட்டும் திரும்ப வளரவில்லை. முதல் நாளே ஒரு படம் எடுத்திருந்தால் இத்தனையும் அதில் தெரிந்திருக்கும்.

பல் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொண்டால் சோதனையின் அருமை புரியும். வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ச்சவ்வு இருக்கிறது. கம்பி தள்ளும் பக்கம் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்கிறது. எலும்பு கரைந்த பக்கம் நோக்கிப் பல் மெல்ல நகர்கிறது. ஈறு நோயால் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தால், அதே அழுத்தம் பல்லை இன்னும் ஆட்டிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு தாங்காது. சொத்தையை அடைக்காமல் மேலே கம்பி கட்டினால், துலக்கக் கை எட்டாத இடத்தில் அது பெருகும். பல்லை நேராக்குவது கண்ணுக்குத் தெரியாத எலும்பின்மேல் செய்கிற வேலை. எலும்பைப் பார்க்காமல் அதை எப்படிச் செய்ய முடியும்?

ஆகவே நல்ல டாக்டர் முதலில் கேள்வி கேட்பார். சின்ன வயதில் விழுந்து முகத்தில் அடிபட்டதா, விரல் சூப்பினாயா, வாயைத் திறந்து தூங்குகிறாயா, இதயக் கோளாறு உண்டா, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா என்பார். வலிப்பு மாத்திரைகளில் சில, ஈறைத் தடிக்க வைக்கும். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வளர்ந்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதனால் கறை ஏறிய பல்லில், கம்பியைப் பிடிக்க ஒட்டும் பட்டைகள் சீக்கிரம் பெயர்ந்து விழக்கூடும்.

அடுத்து முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் பார்ப்பார். கடிக்கச் சொல்லி மேல்வரிசையும் கீழ்வரிசையும் எப்படிச் சேர்கின்றன என்று கவனிப்பார். ஈறை அளப்பார். பல்லுக்கு அச்சு எடுப்பார், படம் பிடிப்பார். ஓபிஜி என்கிற எக்ஸ்ரேயில் முளைத்த பல், முளைக்காத பல், கூடுதலாக ஒளிந்திருக்கும் பல், வேர், எலும்பு எல்லாம் ஒரே படத்தில் தெரியும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கோளாறு பல்லிலா தாடையிலா என்று அளந்து சொல்லலாம். இந்தப் பக்கவாட்டுப் படத்தை அளக்கும் முறையை 1931ல் அமெரிக்காவில் பிராட்பெண்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே வெளியிட்டார்கள். 1931லேயே வந்துவிட்ட வசதியை இன்றைக்கு உங்களுக்கு மறுக்க எவருக்கும் நியாயம் இல்லை.

பார்ப்பதற்கு நாள் ஆகிறதே என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நம் காவலூரைக் காட்டுவேன். வானியலறிஞர் வைணு பாப்பு, தொலைநோக்கி வைக்கத் தென்னிந்தியாவில் இடம் தேடி, இரவு வானம் எங்கே தெளிவாக இருக்கிறது என்று சோதித்த பிறகே நம் மலையைத் தேர்ந்தெடுத்தார். 1968ல் 38 செ.மீ. விட்டமுள்ள சிறிய தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1977ல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பது தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ல் திறக்கப்பட்டபோது பாப்பு உயிரோடு இல்லை. அவர் தேர்ந்த இடம் சரியாக இருந்ததால் வேலை நிற்கவில்லை. சோதனைக்குச் செலவான நாள் வீண்போகாது என்பதற்கு இதைவிடச் சாட்சி நமக்கு வேண்டாம்.

பல் சீரமைப்பின் வரலாறும் இதையே சொல்கிறது. பற்கள் கடிக்கும் விதத்தை 1899ல் வகைப்படுத்திய எட்வர்ட் ஆங்கிள், எந்தப் பல்லையும் பிடுங்கக் கூடாது என்று உறுதியாக நின்றவர். அவர் வழியில் நடந்த சார்லஸ் ட்வீட், தாம் சிகிச்சை செய்தவர்களைத் திரும்ப ஆராய்ந்தார். சிலருக்கு முகமும் கடியும் நன்றாக அமையவில்லை என்று கண்டதும், அவர்களுக்குப் பல்லெடுத்து மறுபடி செய்தார். எடுப்பதா வேண்டாமா என்பதை குருவின் வாக்கைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் தாடையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பக்கத்துவீட்டுப் பையனுக்கு நாலு பல் எடுத்தார்கள் என்பதற்காக உனக்கும் எடுக்க வேண்டும் என்பதில்லை.

ஊரில் இருக்கும் தம்பி தங்கைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதில் பால்பல்லுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரமானது. அதையும் பால்பல் என்று எண்ணிச் சொத்தையில் விட்டுவிடுகிறோம். ஏழு வயதில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. அதே சமயம், எட்டு ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் விரிந்து சந்து தெரிந்தால் பதற வேண்டாம். சிங்கப்பல் இறங்கும் வயதில் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். எது தானே சரியாகும், எதற்குக் கைவைக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்வதும் சோதனைதான். 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும். அப்போது பிள்ளையின் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கைபேசியில் விளம்பரம் பார்த்துவிட்டு, வீட்டிலேயே அச்சு எடுத்து அனுப்பினால் போதும் என்று நம்பாதீர்கள். அமெரிக்காவில் அப்படிப் பல்லை நேராக்கும் உறைகளை அஞ்சலில் அனுப்பிவந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் யாரிடம் போவது என்று தெரியாமல் தவித்தார்கள்.

நம் பிள்ளைகளிடம் ஒரு தயக்கம் உண்டு. வெள்ளைக் கோட்டு போட்டவர் எதிரில் கைகட்டி நிற்போம், கேட்க மாட்டோம். கேளுங்கள். "சார், பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா பார்க்கப் போகிறார்? எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது? பல் எடுக்க வேண்டுமா, ஏன்? எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு? கம்பி கழற்றிய பிறகு, பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடிக்கும் ரிடெய்னர் எவ்வளவு காலம் போட வேண்டும்?" உங்கள் நிலைமையையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாதாமாதம் வர விடுப்பு கிடைக்குமா, ஊருக்குத் திரும்பிவிட்டால் ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ் பிடித்து இறங்க முடியுமா என்பதும் சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்தது. பணம் இடித்தால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே காத்திருக்க வேண்டி வரலாம், காத்திருங்கள்.

பல்லோடு இது முடிவதில்லை. இனி உங்கள் வாழ்க்கையில் பலர் உங்களைத் திருத்த வருவார்கள்: உன் படிப்பு இப்படி இருக்க வேண்டும், உன் பேச்சு இப்படி மாற வேண்டும் என்பார்கள். அவர்களில் நல்லவர்களும் இருப்பார்கள். எல்லோரிடமும் ஒன்றையே கேளுங்கள்: "என்னை முழுதாகப் பார்த்தீர்களா?" பார்த்தவர் சொன்னால் கேட்டு நடங்கள். பார்க்காதவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு.