ஜாலான் பாசாரில் பிடிபட்ட வண்டு

கோலாலம்பூருக்குப் போகிறவர்கள் பத்துமலைக்குப் போவார்கள். பூந்தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு சட்டை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். 1984-ஆம் ஆண்டு நானும் என் தம்பியும் போனது ஓர் இரைச்சலைத் தேடி! இது என்ன புதுமை என்கிறீர்களா? கேளுங்கள்.

அப்போது நாங்கள் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தோம். தோட்டத்து இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். அதில் மின்கிதார் வாசிப்பவன் என் தம்பி. ஓய்வு நாளிலும் குலை வெட்டிச் சேர்த்த 180 வெள்ளியில் வாங்கிய பழைய கிதார் அது. "இந்தக் கட்டை சோறு போடுமா?" என்று அப்பா முணுமுணுக்காத நாளில்லை.

கோயில் திருவிழாவுக்கு எட்டே நாள். அந்த நேரம் பார்த்துக் கிதாருக்குள் இரைச்சல் புகுந்துகொண்டது. ஆம்பிளிபயரைத் திறந்ததும் ஒரே ரீங்காரம். பாட்டு நின்றாலும் அது நிற்காது. "என்னடா, பெட்டிக்குள்ள வண்டு பூந்துகிச்சா?" என்றார் அம்மா.

தம்பியின் சிநேகிதன் ஒருவன் வழி சொன்னான். ஆம்பிளிபயரின் மூன்று முள் பிளக்கில் எர்த் கம்பியை வெட்டிவிட்டால் சத்தம் அடங்கிவிடுமாம். தம்பி திருப்புளியை எடுத்துவிட்டான். எனக்கு மனம் ஒப்பவில்லை. "கம்பியைத் தொடாதே. முதலில் தெரிந்தவரிடம் காட்டுவோம்" என்று தடுத்தேன்.

மறுநாள் காலை பஸ் ஏறினோம். கிதாருக்கு உறை இல்லை. அம்மாவின் பழைய சேலைதான் உறை. ஈஜோக் தாண்டி, சாலையோரச் செடி நர்சரிகள் நிறைந்த சுங்கை பூலோவைத் தாண்டி, புடுராயா நிலையத்தில் இறங்கினோம். (2011-இல் அதற்குப் புடு சென்ட்ரல் என்று பெயர் மாற்றினார்கள்.) அங்கிருந்து ஜாலான் புடு வழியே நடை. வலப்புறம் புடு சிறைச்சாலையின் நீண்ட மதில் கூடவே வந்தது. அந்த மதிலை 2010-இல் இடித்துவிட்டார்கள்.

அப்புறம் வந்தது ஜாலான் பாசார். மின்பொருள் உதிரிகளுக்குப் பேர்போன தெரு அது. ஒரு கடையில் சுருள் சுருளாக வயர். அடுத்ததில் ஒலிபெருக்கிக் கூம்புகள். இன்னொன்றில் மிளகும் கடுகும் போலச் சின்னச் சின்ன உதிரிகள், டப்பா டப்பாவாக! காற்றில் ஈயம் உருகும் வாசம். விசாரித்து விசாரித்து, மாடிப்படியின் கீழ் மேசை போட்டிருந்த ஒரு சீனப் பெரியவரிடம் போய்ச் சேர்ந்தோம்.

அவர் உடனே கிதாரைப் பிரிப்பார் என்று நினைத்தோம். பிரிக்கவில்லை. தம் ஆம்பிளிபயரில் எங்கள் கிதாரை மாட்டினார். வண்டு பாடியது. "பெட்டி என்னுடையது, சத்தம் உன்னுடையது" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அடுத்து வேறு வயரை மாட்டினார். அப்போதும் பாடியது. ஆகவே எங்கள் ஆம்பிளிபயரும் குற்றவாளியல்ல, வயரும் அல்ல.

பிறகு கிதாரின் ஒலித் திருகை முழுதும் குறைத்தார். சத்தம் நின்றது. "உள்ளேதான் இருக்கிறது" என்றார். திருகைக் கூட்டிவிட்டு, "தம்பி, தந்தியைத் தொடு" என்றார். தொட்டான், மாற்றமில்லை. "இப்போது வயரின் இரும்பு முனையைத் தொடு." தொட்டதும் இரைச்சல் சட்டென்று தணிந்தது! பெரியவர் தலையாட்டினார். "வாயார் புத்துஸ்!"

பின்புற மூடியைக் கழற்றிக் காட்டினார். சுருள்வில்களைப் பிடித்திருக்கும் தகட்டிலிருந்து ஒரு மெல்லிய கம்பி அறுந்து தொங்கியது. தந்திகளைப் பூமி இணைப்போடு சேர்க்கும் கம்பி அதுதான். நம் உடம்பு, சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலை வாங்கும் ஏரியல் மாதிரி. கம்பி சரியாக இருந்தால், தந்தியில் கை பட்டதும் அந்த இரைச்சல் பூமிக்குப் போய்விடும். அறுந்தால் கிதாருக்குள் போகும்.

ஒரு சொட்டு ஈயம், மூன்று வெள்ளி கூலி. வேலை முடிந்தது. ஆனாலும் கையை எடுத்தால் மெல்லிய முனகல் மிச்சமிருந்தது. பெரியவர் மேசைக்கு மேலிருந்த குழல்விளக்கை அணைத்தார், முனகல் குறைந்தது. மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுகிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் தந்தியின் அதிர்வோடு அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. இதை ஒழிக்கவே 1955-இல் அமெரிக்காவில் கிப்சன் நிறுவனத்துப் பொறியாளர் சேத் லவர் இரட்டைச் சுருள் பிக்கப்பை வடிவமைத்தார். இரண்டு சுருளும் எதிரெதிராக வேலை செய்து இரைச்சலை ஒன்றுக்கொன்று கழித்துவிடும்.

புறப்படும்போது தம்பி தயங்கித் தயங்கி எர்த் கம்பியைப் பற்றிக் கேட்டான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் மாறியது. "ஜாங்ஙான் போத்தோங்!" வெட்டாதே! கிதாரின் தந்தியும் ஆம்பிளிபயரின் இரும்பும் ஒரே கம்பியில் சேர்ந்தவை. பெட்டிக்குள் மின்கசிவு ஏற்பட்டால் எர்த் கம்பி அதைப் பூமிக்குக் கொண்டுபோகும். அதை வெட்டினால், தந்தியைத் தொட்டிருக்கும் கைதான் வழி.

அவர் மிரட்டவில்லை. 1972-இல் பிரிட்டனின் சுவான்சி நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கிதார்க் கலைஞர், பூமி இணைப்பு இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு, மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். அதை நான் பின்னாளில்தான் படித்தேன். படித்த அன்று, தம்பி கையிலிருந்த திருப்புளி நினைவுக்கு வந்து உடம்பு நடுங்கியது.

அன்றிரவே தோட்டத்து மண்டபத்துக்குப் போய் எல்லாப் பிளக்குகளையும் திறந்து பார்த்தோம். ஒலிவாங்கிப் பெட்டியின் பிளக்கில் யாரோ எப்போதோ எர்த் கம்பியை வெட்டி வைத்திருந்தார்கள்! விவரம் தெரிந்த வயர்மேனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்த பிறகுதான் ஒத்திகையே நடந்தது.

இரைச்சல் கேட்டால் வாயை மூடாதீர்கள். எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கிதாருக்கும் வீட்டுக்கும் அதுதான் நல்லது.

திருவிழா இரவு தம்பி நன்றாகவே வாசித்தான். அப்பா பாராட்டவில்லை. சாப்பிடும்போது மட்டும், "எங்கடா அந்த வண்டு? இன்னைக்குக் காணோமே!" என்றார். தம்பிக்கு அதுவே பொன்னாடை.