பள்ளிவாசலில் பெருகும் நாற்காலிகள்

நம் மஹல்லாப் பள்ளிவாசலில் பத்தாண்டுகளுக்கு முன்பு ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. முழங்கால் தேய்ந்த பெரியவர் ஒருவர் அதில் அமர்ந்து தொழுவார். இன்று வரிசைகளின் இரு ஓரங்களிலும் நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன. ஜும்ஆ நாளில் அவையும் போதாமல் உள்ளறையிலிருந்து கூடுதலாக எடுத்துவர வேண்டியிருக்கிறது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் மார்க்கம் வழங்கியுள்ள சலுகை அது. அதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. நம்மைக் கவலையில் ஆழ்த்துவது வேறொன்று. அந்த நாற்காலிகளில் அமர்வோருள் தாடியில் ஒரு நரைகூட விழாத முப்பத்தைந்து வயதினரும் இருக்கின்றனர். ஸுஜூதுக்குக் குனிந்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார் ஒருவர். எழுந்து நிற்க முழங்கால் இடம் தரவில்லை என்கிறார் மற்றொருவர். இவர்கள் விபத்தில் அடிபட்டவர்கள் அல்லர். எடை கூடி, உடல் தளர்ந்து இந்நிலையை அடைந்தவர்கள்.

உடல் பருமனைப் பற்றி நம் வீடுகளில் பேச்செழுவது பெரும்பாலும் இரண்டு தருணங்களில்தான். பெண் பார்க்கும்போது ஒன்று. கேலி செய்யும்போது மற்றொன்று. இரண்டுமே தோற்றத்தைப் பற்றிய பேச்சு. நாம் இங்கே பேச விரும்புவது தோற்றத்தைப் பற்றியன்று. இறைவன் நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்த உடல், தன் கடமைகளைச் செய்ய இயலாத நிலைக்கு இளமையிலேயே வந்துவிடுவதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

எண்கள் சொல்லும் செய்தி

தேசியக் குடும்பநல ஆய்வு 15 முதல் 49 வயது வரையிலானவர்களின் உயரத்தையும் எடையையும் அளந்து பார்க்கிறது. 2015-16இல் நடந்த ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினரும் ஆண்களில் 28.2 விழுக்காட்டினரும் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருந்தனர். 2019-21இல் அதே ஆய்வு மீண்டும் நடந்தபோது இந்த எண்கள் பெண்களில் 40.4 ஆகவும் ஆண்களில் 37.0 ஆகவும் உயர்ந்திருந்தன. ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகளில் இவ்வளவு மாற்றம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வோ, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும் மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது.

நம்மவர் உடலமைப்புக்கென ஒரு தனித்தன்மை உண்டு. ஐரோப்பியரோடு ஒப்பிட்டால், அதே எடையில் நம் உடலில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அக்கொழுப்பும் வயிற்றுக்குள், கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேர்கிறது. ஆகவேதான் நம்மவருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது என மருத்துவர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய இளைஞர், “நான் பருமன் இல்லையே” என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் கலக்கும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்பவை தசைகளே. அவை உழைப்பின்றிச் சுருங்கும்போது அச்சர்க்கரை போக இடமின்றி இரத்தத்திலேயே தேங்குகிறது.

எங்கள் உறவில் ஓர் இளைஞர். வயது 31. வளைகுடாவில் கணக்கர் வேலை. ஆறாண்டுகளில் 22 கிலோ கூடியிருந்தார். விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது காய்ச்சலுக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் வெளிப்பட்டது. நம்ப மறுத்து வேறோரிடத்திலும் பரிசோதித்தார், அதே முடிவுதான். நாளெல்லாம் குளிரூட்டிய அறையில் நாற்காலி, வெளியே வெயிலில் நடக்க இயலாத எட்டு மாதங்கள், இரவு பதினொரு மணிக்கு அறைத் தோழர்களோடு சேர்ந்துண்ணும் பெருஞ்சோறு, உடனே உறக்கம். இதுவே அவருடைய ஆறாண்டு வாழ்க்கை. அவருடைய முதல் விடுமுறையில் வீட்டார் சொன்னது நினைவிருக்கிறது: “மெலிஞ்சு கிடக்கியே வாப்பா, அங்கே ஒழுங்காத் திங்கிறதில்லையா?” சபர் சென்று திரும்பிய மகனின் உடலில் சதை ஏறியிருந்தால் அது செழிப்பின் அடையாளம் என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். பஞ்சத்தைக் கண்ட தலைமுறைக்கு அது இயல்பு. இன்றைய நோய்களுக்கு அந்த எண்ணம் கதவைத் திறந்துவிடுகிறது.

ஹலால் கேட்கிறோம், அளவு கேட்கிறோமா?

இறைச்சி ஹலாலானதா என்று துருவித் துருவிக் கேட்கும் பேணுதல் நம் சமுதாயத்திடம் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உண்ணுங்கள், பருகுங்கள் என்று அனுமதித்த அதே திருவசனத்தில்தான் வரம்பு மீற வேண்டாம் என்ற தடையும் இருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள், முதுகை நிமிர்த்தி நிற்கச் சில கவளங்களே மனிதனுக்குப் போதும் என்றும், அதற்கு மேல் உண்டேயாக வேண்டுமெனில் வயிற்றின் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கை நீருக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் விடும்படியும் கற்பித்தார்கள். ஸுஜூதில் மூச்சு முட்டும் இளைஞருக்கு இதைவிடப் பொருத்தமான மருத்துவ அறிவுரை வேறென்ன இருக்க முடியும்?

நம் வலீமாக்களை எண்ணிப் பாருங்கள். நெய்ச்சோறோ பிரியாணியோ, அதன்மேல் இறைச்சி, வறுத்த கோழி, இனிப்பு, அதன்பின் குளிர்பானம். விருந்தாளி இலையை மறைத்தால் உபசரிப்பவருக்கு மனவருத்தம். முன்பு ஒரே ஸஹனில் நால்வர் கைவைத்து உண்டபோது, பக்கத்திலிருப்பவருக்குப் போதுமா என்ற எண்ணமே நம் கையை இயல்பாக நிறுத்தியது. இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழி அந்த ஸஹனில் நடைமுறையாக இருந்தது. இன்று ஆளுக்கொரு தட்டு. அதில் இருவருக்கான சோறு.

விருந்து எப்போதாவது வருவது என்று சொல்லித் தப்பிக்கலாம். அன்றாடம் வருவதைப் பாருங்கள். இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை போட்ட தேநீர் ஒரு நாளைக்கு ஐந்து முறை அருந்தினால், உடலில் சேரும் சர்க்கரை ஏறத்தாழ 50 கிராம். வளர்ந்த ஒருவர் தாமாகச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நலம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 250 மில்லி குளிர்பானம் ஒன்றே அந்த 25 கிராமையும் தந்துவிடுகிறது. நள்ளிரவிலும் திறந்திருக்கும் உணவகங்களில் புரோட்டாவும் சால்னாவும் உண்டுவிட்டு இரண்டு மணிக்கு உறங்கச் செல்லும் பழக்கமும் இளைஞர்களிடையே வேரூன்றிவிட்டது. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபிகளார் விரும்பவில்லை. அந்த ஒழுங்கைப் பேணினாலே நள்ளிரவு உணவு தானாக நின்றுவிடும்; ஃபஜ்ரும் கைகூடும்.

நோன்பு மாதத்திலும் எடை கூடுகிறது என்பது வேதனையான உண்மை. நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதைச் சுற்றி வந்துசேர்ந்த சமோசா, வடை, பஜ்ஜி, சர்பத் ஆகியவையே பசியின் பாடத்தைப் பாழாக்குகின்றன.

காலடிகளை இழந்த தெருக்கள்

மதீனாவில் பனூ ஸலிமா கிளையார் பள்ளிவாசலிலிருந்து தொலைவில் குடியிருந்தனர். பள்ளிக்கு அருகே குடிபெயர அவர்கள் விரும்பியபோது, அங்கேயே இருங்கள், உங்கள் காலடிகள் நன்மைகளாக எழுதப்படுகின்றன என்ற கருத்தில் அண்ணலார் (ஸல்) அவர்களைத் தடுத்தார்கள். இன்று நம் தெருவில் 300 மீட்டர் தொலைவிலுள்ள பள்ளிவாசலுக்கு இருசக்கர வாகனத்தில் வருகிறார்கள், இருபது வயதுப் பிள்ளைகள். நன்மையையும் இழக்கிறார்கள், நடையையும் இழக்கிறார்கள்.

ஐவேளைத் தொழுகையே உடற்பயிற்சிதான் என்று சிலர் சொல்வதுண்டு. தொழுகை இபாதத், அதை உடற்பயிற்சியாகச் சுருக்குவது அதன் மாண்புக்கு ஏற்றதன்று. மேலும், நிதானமாக நிறைவேற்ற வேண்டிய தொழுகையின் அசைவுகள் இதயத்தையும் நுரையீரலையும் வலுப்படுத்தப் போதுமானவையும் அல்ல. பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் விரைவு நடை போன்ற உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவேற்றும் பயிற்சியும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் 22 நிமிடத்துக்கும் குறைவு. பள்ளிக்கு நடந்தே சென்றுவரும் பலருக்கு அதில் ஒரு பகுதி கிடைத்துவிடும்.

வணக்கத்துக்கே உடல் வலு வேண்டும் என்பதை உம்ரா சென்றவர்கள் அறிவர். ஸஃபா மர்வாவுக்கிடையே ஏழு முறை நடந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் வரும். அதற்கு முன் தவாஃப். பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நீண்ட நேரம் நிற்றல். எழுபது வயது மூதாட்டிகள் தம் காலால் ஸஃயை முடிக்க, முப்பது வயது மகன் சக்கர நாற்காலி தேடி அலைந்த காட்சியை நாம் கண்டிருக்கிறோம். ஹஜ்ஜுக்காகப் பணம் சேர்க்கிறோம். உடலையும் அதற்காகச் சேர்த்துவைக்க வேண்டாமா?

நம் பெண்பிள்ளைகளின் நிலை

மேலே சொன்ன எண்களில் பெண்களின் விழுக்காடே அதிகம். காரணத்தைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பருவமெய்தியதும் பெண்பிள்ளையின் ஓட்டமும் விளையாட்டும் நின்றுவிடுகின்றன. பின்பு வீட்டு வாசலிலிருந்து கல்லூரிப் பேருந்து, வகுப்பு, கைப்பேசி. திருமணத்துக்குப் பின் அடுத்தடுத்த பிள்ளைப்பேறு. வீட்டார் அனைவரும் உண்டபின் மிச்சத்தை வீணாக்க மனமின்றி உண்ணும் வழக்கம். மாதவிடாய் ஒழுங்கின்மை, சினைப்பை நீர்க்கட்டி, கருவுற்ற காலத்துச் சர்க்கரை என்று பெண் மருத்துவரின் அறையில் காத்திருக்கும் நம் மகள்களின் தொல்லைகளுள் பல, எடையோடும் உழைப்பின்மையோடும் தொடர்புடையவை.

பேணுதல் என்பதற்கு அசையாதிருத்தல் என்று பொருள் இல்லை. பயணமொன்றில் உடன்வந்தோரை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியவர்கள் நபிகள் நாயகம் (ஸல்). முதல் முறை அன்னையார் வென்றார்கள். பின்னர் தம் உடலில் சதை ஏறிய காலத்தில் மீண்டும் ஓடியபோது நாயகம் (ஸல்) வென்று, அன்றைக்கு இது ஈடு என்று மகிழ்ந்ததை அன்னையாரே அறிவித்திருக்கிறார்கள். எடை கூடிய மனைவியைக் கேலி செய்யவில்லை, ஒதுக்கவுமில்லை. தம்மோடு ஓட அழைத்தார்கள். இல்லறத்தாருக்கு இதில் எத்தனை பாடங்கள்!

காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே, பெண்கள் தடையின்றி நடமாட ‘முடுக்கு’ எனும் சந்துகளை முன்னோர் அமைத்துவைத்தனர். மறைவும் நடையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த அறிவு நமக்கும் வேண்டும். ஃபஜ்ருக்குப் பின் பெண்கள் குழுவாக நடக்க ஒரு தெரு, பள்ளிக்கூட மைதானத்தில் அவர்களுக்கென ஒரு மணி நேரம், குறைந்தபட்சம் மொட்டை மாடியில் ஓர் ஒதுக்கிடம். மஹல்லா நிர்வாகம் நினைத்தால் இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் கேலியை நிறுத்துவோம். பிறரை இழிவுபடுத்துவதைத் திருக்குர்ஆன் தடுக்கிறது. பரம்பரை, தைராய்டு, சில மருந்துகள், மன அழுத்தம் எனப் பருமனுக்குப் பல காரணங்கள் உண்டு. யாருடைய உடலின் அளவும் அவருடைய ஈமானின் அளவு ஆகாது. கேலிக்கு அஞ்சும் பிள்ளை மைதானத்துக்கு வராது. அறைக்குள் ஒளிந்து இன்னும் அதிகம் உண்ணும்.

அடுத்து, பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லுமுன் வீட்டின் சமையலறையை மாற்றுவோம். வீட்டிலே குளிர்பானம் வாங்கி வைக்காதிருத்தல், தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்குதல், இரவு உணவை இஷாவுக்கு முன்னரோ உடனடியாகப் பின்னரோ முடித்தல், வாப்பா நடந்து பள்ளிக்குச் சென்று மகனையும் உடன் அழைத்துச் செல்லுதல். இவை முழுக் குடும்பமும் சேர்ந்து செய்ய வேண்டியவை. ஒரு பிள்ளைக்கு மட்டும் சப்பாத்தி, மற்றவர்களுக்குப் பிரியாணி என்றால் அது சிகிச்சை ஆகாது, தண்டனையாகவே படும். முப்பது வயதைத் தொட்டவர்கள் ஆண்டுக்கொரு முறை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்வது நலம். பத்து நாளில் பத்துக் கிலோ குறைப்பதாக விளம்பரம் செய்யும் தூள்களிடமும், உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஊசிகளிடமும் எச்சரிக்கையாக இருப்போம்.

நம் உறவினரான அந்த இளைஞர் இப்போது தம் அறையிலிருந்து அரை மணி நேரம் தொலைவிலுள்ள பள்ளிக்கு ஃபஜ்ருக்கு நடந்தே செல்கிறார். இரவுச் சோற்றை விட்டுவிட்டார். ஓராண்டில் 11 கிலோ குறைந்திருக்கிறது. மாத்திரையின் அளவை மருத்துவர் குறைத்திருக்கிறார். நோய் முற்றிலும் நீங்கிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. அவரோடு நடக்க அறைத் தோழர்கள் இருவர் சேர்ந்திருக்கிறார்கள்.

இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் இறைவனிடம் பாதுகாவல் தேடிப் பிரார்த்தித்தவர்கள் நம் நாயகம் (ஸல்). அதே துஆவை நம் பிள்ளைகளுக்காகவும் கேட்போம். இன்றைய இஷாவுக்கு வண்டிச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுவோம். ஆமீன்.