நாளை என்னும் கரைதல்

விசுவாசத்தின் எதிரி மறுப்பு என்றே நாம் பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஆலயத்தில் அமர்ந்துகொண்டு ஆண்டவரிடம் 'மாட்டேன்' என்று சொல்பவர் நம்மில் எவருமில்லை. 'ஆகட்டும், பிறகு' என்கிறோம், அவ்வளவே. லெந்து நாட்கள் வரட்டும் என்போம். லெந்து வந்துவிட்டால், பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்போம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டையைப் பயபக்தியோடு பெற்றுக்கொள்ளும் நாமே, நாம் கொடுத்த வாக்கை இன்னோர் ஆண்டுக்கு நகர்த்தியும் வைக்கிறோம்.

இந்நோயை உள்ளிருந்து அறிந்து எழுதியவர் புனித அகுஸ்தீன். இலத்தீனில் 'கிராஸ்' என்றால் நாளை. மனந்திரும்புதலைத் தள்ளிப்போடுவோரின் குரலைக் காகத்தின் குரலோடு ஒப்பிட்டு, பிற்காலத்தில் ஆயராக இருந்தபோது அவர் பிரசங்கித்தார். காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்பது நம் ஊர் வழக்கு. அகுஸ்தீன் கேட்ட கரைதலோ, வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியை மறுநாள் வரச்சொல்லித் திருப்பி அனுப்பும் ஓசை.

354இல் வட ஆப்பிரிக்காவின் தாகஸ்தேயில் பிறந்த அவர், 19 வயதில் சிசரோவின் நூலொன்றைப் படித்து மெய்ஞ்ஞானத்தை நாடத் துணிந்தார். அத்துணிவு செயலாக ஏறத்தாழ 12 ஆண்டுகள் பிடித்தன. இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட இயலாது. ஞானஸ்நானத்திற்குப் பின் செய்யும் பாவம் மேலும் கனமானது என்ற அச்சத்தால் அதைத் தள்ளிவைப்பது அக்காலத்தில் பரவலான வழக்கம். பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல், மரணப்படுக்கையில்தான் அதைப் பெற்றார். தாமதம் சில வேளைகளில் பக்தியின் உடையை அணிந்துகொண்டே வருகிறது.

386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் அகுஸ்தீன் அழுதுகொண்டிருந்தபோது, அவரிடம் வாதங்கள் தீர்ந்துபோயிருந்தன; பழக்கம் மட்டுமே மிஞ்சியிருந்தது. எடுத்துப் படிக்கச் சொல்லும் குழந்தைக் குரலொன்று கேட்டு, ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தைத் திறந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. நம்மைக் கவர்வது அதற்கடுத்த செயல். அப்போதே நண்பர் அலிப்பியுஸிடம் சொன்னார். வீட்டுக்குள் சென்று தாய் மோனிக்காவிடம் சொன்னார். பிறர் செவியில் விழுந்துவிட்ட தீர்மானத்தை ஓசையின்றித் திரும்பப் பெறுவது எளிதன்று.

ஆயினும் ஆசிரியப் பணியைத் திராட்சை அறுவடை விடுமுறை வரை அவர் விடவில்லை; ஞானஸ்நானம் பெற்றது 387ஆம் ஆண்டு ஈஸ்டரில். இதுவும் தாமதம்தானே என்று கேட்கலாம். அன்று. நாள் குறித்த காத்திருப்பு கீழ்ப்படிதலின் ஒரு பகுதி. நாள் குறிக்காத 'நாளை' மறுப்பின் நாகரிகமான பெயர்.

மலைப்பிரசங்கத்தில், காணிக்கையைப் பலிபீடத்தின்முன் விட்டுவிட்டுச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி இயேசு கட்டளையிடுகிறார். அக்கட்டளையில் நம்மைக் கலங்கவைப்பது 'முதலில்' என்னும் ஒற்றைச் சொல். மனம் பக்குவப்படும்வரை பொறுத்திருக்க அது இடந்தருவதில்லை. காணிக்கைப்பை நம் வரிசைக்கு வருமுன் எழுந்து போகச் சொல்கிறது. பேச்சற்றுப்போன தமையனின் வீடு பெரும்பாலும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கும். அங்கே அவருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.