கடைசியாக ஓடியவன்



ஞாயிற்றுக்கிழமை மச்சான் என்னை பன்னல ரேஸ் ட்ராக்குக்குக் கூட்டிப் போனார். போட்டியில்லை; சொந்தக் காரை ஓட்டிப் பழகும் நாள். வந்ததெல்லாம் சீறும் கார்கள். என்னுடையது 796 சிசி ஆல்ட்டோ.

பழக்கியவர் சொன்னார்: "வளைவுக்குள்ள பிரேக் அடிக்க வேணாம் சேர், நேரா போகக்குள்ளயே அடிச்சி முடிங்க. பின்னால வேகமா வந்தா ஒதுங்காதீங்க. உங்கட பாதையிலயே போங்க. நேரான இடத்துல கைகாட்டுங்க, அவங்க பாத்துப் போவாங்க."

முதல் சுற்றிலேயே கண்ணாடி முழுக்க ஒரு கார். பதறிப்போய் வளைவிலேயே பிரேக் அடித்தேன், கார் அலைந்தது. அவர் ஏசவில்லை. "திரும்பப் போங்க சேர்" என்றார். நாலாவது சுற்றில் கைகாட்டினேன். முந்தியவர் கையுயர்த்தி நன்றி சொன்னார். பிரேக் சூடாகி பெடல் இளகவே மெதுவாக உள்ளே வந்தேன். கடைசி ஆள்தான், ஆனாலும் அல்ஹம்துலில்லாஹ், முழுசாக வந்தேன்.

என் வகுப்பில் எப்போதும் கடைசியாக எழுதி முடிக்கும் பிள்ளை ஒன்று. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று "இன்னும் முடியலயா?" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

திங்கட்கிழமை அவனுக்குப் பின்னால் போய் நிற்கவில்லை. மணியடித்து ஐந்து நிமிடம் கழித்துக் கொப்பியைத் தந்தான். ஒரு கணக்கும் பிழையில்லை.