நாளைக்கு வா, வாசிச்சுட்டுச் சொல்லுதேன்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் ஆச்சியைப் பகலில் வீட்டில் பார்க்க முடியாது. கருப்பட்டி காய்ச்சுகிற விடிலியில்தான் கிடப்பாள். மெஞ்ஞானபுரத்தை அடுத்து, தேரிமணல் தொடங்குகிற இடத்தில் எங்களுக்கு ஒரு சின்ன விளை இருந்தது. விடியற்காலையில் தாத்தா பனையேறி இறக்கிவரும் பதநீரை வடிகட்டித் தாச்சியில் ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் வைத்து எரிப்பாள். பொங்கி வழியப் பார்க்கும்போது தட்டிய ஆமணக்கு முத்து கொஞ்சம் போடுவாள். நுரை அப்படியே அமர்ந்துவிடும். பதநீர் சிவந்து, கூப்பனியாகி, பாகு திரளத் தொடங்கும் கடைசி நேரம்தான் கஷ்டமானது. துடுப்பை நிறுத்தினால் அடிபிடித்துவிடும். அப்போதுதான் ஆச்சி 119ஆம் சங்கீதத்தை ஆரம்பிப்பாள்.

வேதப்புத்தகத்திலேயே நீளமான அதிகாரம் அது. எட்டெட்டு வசனமாக 22 பகுதி, மொத்தம் 176 வசனம். அவள் கையில் துடுப்புதான் இருக்கும். புத்தகம் என் மடியில். ஒரு சொல் மாறினாலும் நான் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கையால் சிரட்டைகளைத் தண்ணீரில் நனைத்து வரிசையாக வைத்துக்கொண்டே, மறுகை விரலால் வசனத்தைத் தொடர்ந்து போவேன். அவள் தவறி நான் பார்த்தது அபூர்வம். ஆனால் என் விரலில் இருந்த பாகு அந்தப் பக்கங்களில் ஒட்டி, சங்கீத புஸ்தகத்தின் அந்த இடம் மட்டும் எப்போதும் தடித்தே இருந்தது. பிரித்தால் கருப்பட்டி வாசம் வரும்.

இரவில் குடும்ப ஜெபம். கஞ்சி குடித்து முடித்துப் பாய் விரித்தால், சின்னப்பிள்ளை முதல் தாத்தா வரை ஆளுக்கொரு வசனமாக ஓர் அதிகாரம். எதையும் தாண்டிப் போகக்கூடாது என்பது ஆச்சியின் சட்டம். எண்ணாகமத்தின் பெயர்ப் பட்டியல், நாளாகமத்தின் வம்ச அட்டவணை எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டியாவது வாசித்தாக வேண்டும். மொத்தம் 1,189 அதிகாரம். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தலில் முடிக்க மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். முடித்த மறுநாள் மறுபடியும் ஆதியாகமம். நாக்கு புரளாத பெயர்களை வாசித்து வாசித்து எனக்குத் தமிழில் எந்தப் பத்தியைக் கண்டும் பயமில்லாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் அதற்காகவே என்னை எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள்.

பனையேறிக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு இந்த வாசிப்பு எப்படி வந்தது என்பதை நான் பிறகுதான் யோசித்தேன். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். சபை உண்டான ஊர்களில் அவர் கோவிலோடு பள்ளிக்கூடத்தையும் வைத்துக்கொண்டே போனார். பிறகு ஜான் தாமஸ் ஐயர் மெஞ்ஞானபுரத்தில் கட்டிய கோவிலின் 192 அடிக் கோபுரம் எங்கள் விளையிலிருந்தே தெரியும். அந்த ஊர்ப் பெண்கள் போர்டிங்கில்தான் ஆச்சி எழுத்துப் படித்தாள். கோபுரத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் போர்டிங்தான் அதைவிட உயரம் என்பேன். தன் மதத்தின் புத்தகத்தைத் தானே எடுத்து வாசிக்கிற உரிமை ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கிடைத்தது சின்ன விஷயமா?

அந்த உரிமையோடு ஒரு கடமையும் சேர்ந்து வந்ததாக ஆச்சி நம்பினாள். பேதுரு தன் முதலாம் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில், உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிற எவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள், அதையும் பணிவோடு சொல்லுங்கள் என்கிற கருத்தில் எழுதியிருக்கிறார். அது ஐயருக்கும் உபதேசியாருக்கும் உள்ள வேலை என்று எங்கள் தெருவில் பலர் விட்டுவிட்டார்கள். ஆச்சி விடவில்லை. "ஏட்டி, கொஞ்சம் மேல பாரு. இதுக்கு முந்தி யாருக்குப் புத்தி சொல்லுதாரு? வேலைக்காரங்களுக்கு. அடுத்தாப்ல பொம்பளைங்களுக்கு. அப்போ இது யாருக்கு எழுதுனது?" என்று கேட்பாள். எந்த வசனமானாலும் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் வாசிக்காமல் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. அதுதான் அவள் படித்த வேதசாஸ்திரம் முழுவதும்.

கேட்கிறவர்களும் எங்கள் ஊரில் குறைவில்லை. முதல் ஆள் சைக்கிள் கடை அண்ணாச்சி. எமர்ஜென்சி முடிந்த சமயம் அது. கருப்புச் சட்டை போட்டிருப்பார், கடைச்சுவரில் பெரியார் படம் இருக்கும், பஞ்சர் ஒட்டிக்கொண்டே 'விடுதலை' வாசிப்பார். கருப்பட்டி வாங்குகிற சாக்கில் விடிலிக்கு வந்து உட்காருவார். காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள் என்று ஒருநாள் கேட்டார். ஆதாமுக்குக் குமாரரும் குமாரத்திகளும் பிறந்தார்கள் என்று அடுத்த அதிகாரத்திலேயே இருப்பதை ஆச்சி எடுத்துக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டார். அது சுலபமான கேள்வி.

அடுத்த வாரம் வந்தது சுலபமானதல்ல. "என்ன ஆச்சி, இயேசு உயிரோட எழும்பினாருன்னு சொல்லுதிய. கல்லறைக்குப் போன பொம்பளைங்க எத்தனை பேரு, அங்க தூதன் ஒருத்தனா ரெண்டு பேரான்னு உங்க புஸ்தகத்துல நாலு பேரு நாலு விதமா எழுதி வச்சிருக்கானே. சாட்சியே ஒத்துப்போகலையே?"

ஆச்சி துடுப்பை நிறுத்தவில்லை. "நல்ல கேள்வி எய்யா. நாளைக்கு வா, வாசிச்சுட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

அன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்த பிறகும் எங்கள் வீட்டு விளக்கு அணையவில்லை. என் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாளில் நாலு கட்டம் கோடு போடச் சொன்னாள். மேலே மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். நான் வாசிக்க வேண்டும், அவள் சொல்வதை எழுத வேண்டும். மத்தேயுவில் மகதலேனா மரியாளும் மற்ற மரியாளும். கல்லைப் புரட்டி அதன்மேல் உட்கார்ந்த தூதன் ஒருவன். மாற்கில் சலோமேயும் சேர்கிறாள். உள்ளே வெள்ளையங்கி உடுத்த வாலிபன். லூக்காவில் யோவன்னாள் வருகிறாள், பெயர் சொல்லாத வேறு பெண்களும் இருக்கிறார்கள். பிரகாசமான வஸ்திரத்தோடு இரண்டு பேர். யோவானில் மகதலேனா மரியாள் மட்டும்தான். ஆனால் அவள் ஓடிவந்து பேதுருவிடம் பேசும் பேச்சைப் பார்த்தால் கூட ஆட்கள் போயிருந்தது தெரிகிறது. தூதர் அங்கே இரண்டு பேர், தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர்.

கட்டங்கள் நிரம்பின. வித்தியாசங்கள் வரிசையாக நின்றன. எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. ஆச்சி அந்தத் தாளை விளக்கருகே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். ஒன்றையும் அழிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் அண்ணாச்சி வந்ததும் தாளையே அவர் கையில் கொடுத்தாள். "நீ சொன்னது சரிதான் எய்யா, வித்தியாசம் இருக்கு. ரெண்டு பேரு இருந்த இடத்துல பேசுனவன் ஒருத்தனைப் பத்தி மட்டும் ஒருத்தரு எழுதுவாரு. பத்துப் பேரு போன இடத்துல தனக்குத் தெரிஞ்ச பேரை மட்டும் ஒருத்தரு சொல்லுவாரு. நம்ம ஊருல ஒரு சாவு விழுந்தா, பார்த்த நாலு பேரும் ஒரே மாதிரியா சொல்லுதாங்க? அப்படிச் சொன்னா பேசி வச்சிக்கிட்டான்னுதான போலீஸ்காரன் நினைப்பான்? இப்ப வித்தியாசத்தை விட்டுட்டு ஒத்துப்போறதைப் பாரு. நாலு பேரும் வாரத்து முதல் நாள்னு எழுதுதான். கல்லு புரண்டு கிடந்துச்சுங்கான். உள்ள உடல் இல்லைங்கான். முதல்ல பார்த்தது பொம்பளைன்னு எழுதுதான்."

கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி சொன்னாள்: "கட்டுக்கதைன்னா, பொம்பளையை எதுக்கய்யா சாட்சியா வைக்கான்? அந்தக் காலத்து யூதர்கிட்ட பொம்பளை சாட்சி எடுபடாது. சீஷர்களே முதல்ல நம்பலை, வீண்பேச்சுன்னு தள்ளிட்டாங்கன்னு லூக்காவே எழுதியிருக்காரு. பொய்யை ஜோடிக்கிறவன் தனக்கு வசதியாத்தான ஜோடிப்பான்?"

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பின்னாளில் பெரிய பெரிய புத்தகங்களில் இதே வாதத்தை நான் வாசித்திருக்கிறேன். அவற்றில் எதுவும் எனக்குப் புதிதாக இல்லை. அதைவிட, எதிராளி நீட்டிய குறையை மறைக்காமல் நாலு கட்டம் போட்டு எழுதிப் பார்த்த அந்தத் துணிச்சல்தான் என் விசுவாசத்துக்கு அடிக்கல் என்று நினைக்கிறேன். புத்தகம் தாங்கும் என்று நம்புகிறவர்கள்தான் அதைக் கேள்வி கேட்க அனுமதிப்பார்கள்.

ஓலைப்பெட்டி முடைய ஒரு அம்மா வருவார். பக்கத்து ஊர்க்காரர், அவரும் வேதக்காரர்தான். ஒரு மத்தியானம் ஓலையை வகிர்ந்துகொண்டே, குனிந்த தலை நிமிராமல் கேட்டார்: "கர்த்தருக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுன்னு வாசிக்கோம். எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துல எங்களுக்கு மட்டும் எதுக்கு ஆச்சி தனிச் சுவரு?"

நான் ஆச்சியின் முகத்தைப் பார்த்தேன். அவள் நாளைக்கு வா என்று சொல்லவில்லை. துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிட்டு யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னாள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும், கந்தை கட்டினவனுக்குக் கால்மாட்டில் இடமும் கொடுக்கிற சபையை யாக்கோபு கண்டிக்கும் பகுதி. நான் பாகு கிண்டிக்கொண்டே வாசித்தேன். முடிந்ததும், "அந்தச் சுவரு பாவம். அதுக்கு வேதத்துல ஒரு வசனமும் கிடையாது. பதில் சொல்ல வேண்டியது நாங்க" என்றாள்.

வேதத்துக்காகப் பேசுவதையும் வேதக்காரர்களுக்காகப் பேசுவதையும் அவள் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. ரேனியஸின் காலத்திலிருந்தே நெல்லைச் சபைகளுக்குள் சாதியைப் பற்றிய சண்டை உண்டு. இத்தனை வருஷம் கழித்தும் அது தீரவில்லை. கிறிஸ்தவ மார்க்கத்தின்மேல் எறியப்படும் கேள்விகளிலேயே கூர்மையானது இதுதான். நான் கேட்ட பிரசங்கங்களில் இதற்குச் சமாளிப்புகள்தான் அதிகம். அந்த வருஷம், சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையில் எங்கள் சொந்தக்காரர்கள் உட்கார்ந்த வரிசையை விட்டு, அந்த அம்மாவையும் அவர் பிள்ளைகளையும் கூட்டிவந்து நடுப்பந்தியில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் என்னோடு உட்கார்ந்தாள் ஆச்சி. அத்தை ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆச்சி இலையில் தண்ணீர் தெளித்தாள்.

மழைக்காலத்தில் சைக்கிள் கடை அண்ணாச்சியின் தங்கை மகன் காய்ச்சலில் இறந்துபோனான். என் வயசுப் பையன். நாங்கள் போனபோது அண்ணாச்சி வாசலில் நின்றார். "இப்பச் சொல்லுங்க ஆச்சி. எங்க போனாரு உங்க கடவுளு?" என்றார். கூட வந்த ஒருவர் கர்த்தருடைய சித்தம் என்று ஏதோ தொடங்கினார். ஆச்சி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, உள்ளே போய்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். அடுத்த நாட்களில் அவர்கள் வீட்டுக் கஞ்சி எங்கள் அடுப்பிலிருந்துதான் போனது. தூக்குச்சட்டியைச் சுமந்துபோனது நான். ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று வழியில் கேட்டேன். "யோபுவோட சிநேகிதங்க மூணு பேரும் ஏழு நாள் பேசாம தரையில இருந்தாங்களே, அதுவரை நல்லவங்கதான். அப்புறம் வாயைத் திறந்து யோபுவுக்குப் பாடம் எடுக்கப் போய்த்தான் கர்த்தருக்குக் கோபம் வந்துச்சு. கடைசி அதிகாரத்தை வாசி" என்றாள்.

பல நாள் அண்ணாச்சி விடிலிப் பக்கம் வரவில்லை. அடுத்த பங்குனியில் வந்தார். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பழைய குரலில் கேட்டார்: "ஆச்சி, யோனாவை மீன் முழுங்கிச்சுன்னா, மூணு நாளு உள்ள எப்படி இருந்தான்?"

ஆச்சியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. "மீனைப் பத்தி அப்புறம் பேசுவோம் எய்யா. அந்தப் புஸ்தகம் மொத்தமே நாலு அதிகாரந்தான். முதல்ல முழுசா வாசிச்சுட்டு வா" என்று சொல்லி, பாகு ஒட்டிய தன் வேதப்புத்தகத்தையே எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் துண்டில் பொதிந்து கொண்டுபோனார்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார். மீனைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "ஏன் ஆச்சி, நினிவே ஊரு அழியாமத் தப்பிச்சா இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருது?" என்று கேட்டார். ஆச்சி அடுப்பிலிருந்த மட்டையை இழுத்துவிட்டு, தாச்சியை இறக்கச் சொல்லித் தாத்தாவைக் கூப்பிட்டாள். பொழுது சாயும்வரை இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.